மின் பொறியியல் பட்டம்: முதலாம் ஆண்டிலேயே கவனிக்க வேண்டியது

அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) அல்லது இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) படிக்க ஆசைப்படுகிறாள். பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் பொறியியல் படித்தவர் யாரும் இல்லை."

அண்ணாச்சி, எங்கள் வீட்டிலும் யாரும் இல்லை. களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டம் எங்களுக்கு. நான் இ.இ.இ. படித்து, இப்போது பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். பெண் பிள்ளைக்கு எதற்குக் கரண்டு வேலை என்று எங்கள் தெருவிலும் கேட்டார்கள். உங்கள் மகளையும் கேட்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேர்க்கை எளிதில் விளங்கும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். கட்‑ஆஃப் 200‑க்குக் கணக்கிடப்படும். அதில் கணிதத்துக்கு மட்டும் 100, மற்ற இரண்டுக்கும் தலா 50. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2021‑இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகள் கல்லூரிக்குப் போய்வந்தால் பட்டம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். கணக்கு ஆண்டில் இல்லை, கிரெடிட்டில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு உள்ள பாடத்துக்கு ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எட்டு செமஸ்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 160‑க்கும் 170‑க்கும் இடையில் வரும். எழுத்துத் தேர்வுப் பாடத்தில் கல்லூரியே போடும் இன்டர்னல் 40 மதிப்பெண், செமஸ்டர் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதமாவது தனியாக எடுத்திருக்க வேண்டும். இன்டர்னலில் அள்ளிப் போட்டாலும் தேர்வில் விழுந்தால் பாடம் நின்றுவிடும். வருகைப் பதிவு 75 சதவீதம் கட்டாயம். தாமே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வும் நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறும்; பல்கலைக்கழகம் புதிய விதிமுறை கொண்டுவந்தாலும் மாறும். அதனால் சேர்ந்த முதல் வாரமே அந்தக் கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் அதை மூன்றாம் ஆண்டில்தான் முதன்முறையாகப் பார்த்தேன்.

அந்த 2021 விதிமுறையில் முதலாம் ஆண்டு இரண்டு துறைக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பொறியியல் வரைபடம், பைத்தான் நிரலாக்கம், கூடவே தமிழர் மரபு பற்றிய ஒரு சிறு பாடம். இரண்டாம் செமஸ்டரில் மின்சுற்றுப் பகுப்பாய்வு வரும். அண்ணாச்சி, இந்த ஒரு பாடத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு கோடையில் எங்கள் தோட்டத்து 5 எச்.பி. மோட்டார் எரிந்துபோனது. மாலையில் மின்னழுத்தம் இறங்கியிருந்தது. ரீவைண்டிங் கடைக்கு மோட்டாரை வண்டியில் ஏற்றும்போது அப்பா கேட்டார்: "கரண்டு குறைவாகத்தானே வந்தது, பிறகு எப்படி எரிந்தது?" யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் இ.இ.இ. எடுத்ததே அந்தக் கேள்வியால்தான்.

விடை இதுதான். கிணற்றிலிருந்து ஏற வேண்டிய தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது. அழுத்தம் குறைந்தாலும் மோட்டார் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யப் பார்க்கும். குறைந்ததை ஈடுகட்ட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்னோட்டம் கால் பங்கு கூடும். கம்பிச் சுற்றில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடியைப் பின்பற்றுகிறது. ஆகவே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். கம்பியின் காப்புப் பூச்சு உருகி, சுற்றே எரிந்துபோகிறது.

இதை மோட்டார், ஜெனரேட்டர் பற்றிய மின்பொறிகள் பாடத்தில் நடத்தினார்கள். எனக்கு அப்போது புரியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய மின்சுற்றுப் பாடத்தில் நான் தேறாமல் அரியர் வைத்திருந்தேன். மின்சுற்று ஏன் வரவில்லை என்றால், வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் (ஏ.சி.) கணக்கு முழுவதும் கலப்பு எண்களில் (காம்ப்ளெக்ஸ் நம்பர்) நடக்கிறது. பள்ளியில் நான் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து கடந்திருந்தேன். 3 ஓம் மின்தடையும், கம்பிச் சுருள் ஏ.சி. மின்னோட்டத்துக்குக் காட்டும் 4 ஓம் எதிர்ப்பும் (தூண்டல் மறிப்பு) தொடரில் இருந்தால் மொத்தம் 7 என்று எழுதினேன். 5 என்பதே சரி. இரண்டும் ஒரே திசையில் கூடுவதில்லை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. 230 வோல்ட்டில் 46 ஆம்பியர் ஓடும்; ஆனால் அதில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கைச் சொல்லும் திறன் காரணி 0.6தான். திறன் காரணியை உயர்த்தத் தோட்டத்து மோட்டாருக்குப் பக்கத்தில் கெப்பாசிட்டர் பெட்டி வைக்கச் சொல்வதன் காரணமும் இந்தச் செங்கோண முக்கோணத்துக்குள்தான் இருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மின், கணினிப் பொறியியல் ஒரே துறையாக இருக்கும். அங்கே ஒரு பாடத்தை முடிக்காமல் அதைச் சார்ந்த அடுத்த பாடத்துக்குப் பதிவு செய்யவே விடமாட்டார்கள். இங்கே அரியரோடு அடுத்த செமஸ்டருக்குப் போய்விடலாம். சலுகை போலத் தெரிகிறது. ஆனால் அடிப்படை இல்லாமல் மேல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை என்பதுதான் அதன் பொருள். இ.இ.இ.யில் கணிதம் வந்தால் மின்சுற்று வரும், அது வந்தால் மின்பொறிகள், அதன் பிறகு மின் அமைப்புப் பகுப்பாய்வு. இ.சி.இ.யில் கணிதத்திலிருந்து சைகைகளும் (சிக்னல்) அமைப்புகளும், அங்கிருந்து இலக்கமுறை (டிஜிட்டல்) சைகைச் செயலாக்கமும் தகவல் தொடர்பும். இடையில் ஒன்று அறுந்தால் அதற்குப் பின் வருவதெல்லாம் மனப்பாடம்தான். எனக்கு அறுந்தது. கோர்த்துக்கொள்ள ஒன்றரை ஆண்டு ஆனது.

இரண்டில் எது என்று கேட்டால், என் மனம் இ.இ.இ. பக்கம்தான் சாயும். நம் மண்ணில் நின்றுகொண்டே அதைப் படிக்கலாம். உங்கள் ஊருக்கு மேலே பாபநாசம் நீர்மின் நிலையம் 1944‑இலிருந்து ஓடுகிறது. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு மின்சாரம் தருகின்றன. பாபநாசத்தில் தண்ணீர் சுழற்றுகிறது, கூடங்குளத்தில் நீராவி சுழற்றுகிறது. மின்சாரம் பிறக்கும் விதி இரண்டுக்கும் ஒன்றுதான். எங்கள் காற்றாலைகளில் காற்றின் வேகம் இரட்டித்தால் ஒவ்வொரு நொடியும் அதில் வரும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆடி மாதத்தில் கோபுரத்தின் அடியில் நின்றால் அந்த எட்டு மடங்கை உடம்பே உணரும். ஆனால் மகளுக்கு அலைபேசியும் சில்லும் செயற்கைக்கோளும்தான் கனவு என்றால் இ.சி.இ.யில் சேருங்கள். என் ஆசையை அவள் தலையில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் வரும். அதைச் செய்து விற்கும் கடைகள் இருக்கின்றன. பெட்டியும் அறிக்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். என் வகுப்பில் பலர் வாங்கினார்கள். தயவுசெய்து அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். நானும் என் தோழியும் மின்னழுத்தம் குறைந்தால் பம்பு மோட்டாரைத் தானே நிறுத்தும் சிறு கருவி ஒன்றைச் செய்தோம். அழகாக இல்லை, பலகையில் ஒயர் ஒயராகத் தொங்கியது. ஆனால் வாய்மொழித் தேர்வில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எங்களால் பதில் சொல்ல முடிந்தது. அது எங்கள் தோட்டத்தில் இரண்டு கோடைகள் வேலை செய்தது. அப்பாவுக்கு அவர் கேட்ட கேள்வியின் விடையை அன்றுதான் விளக்கிச் சொன்னேன்.

கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்கும்வரை மகளுக்கு நேரம் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதியைப் பழைய புத்தகக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பாடம் அணிகள் (மேட்ரிக்ஸ்), இரண்டாவது கலப்பு எண்கள். இரண்டையும், தேர்வு பயம் இல்லாமல், ஒவ்வொரு கணக்காக அவள் மறுபடி போட்டுப் பார்க்கட்டும். மின்சுற்றுப் பாடத்தில் முதல் மாதம் நடத்தும் சமன்பாடுகளுக்கு அணிகள் வேண்டும். அதற்கடுத்த மாதங்களுக்குக் கலப்பு எண்கள் வேண்டும். எங்கேயாவது நின்றுவிட்டால் கணக்கைப் படம் எடுத்து இங்கேயே போடச் சொல்லுங்கள், அண்ணாச்சி. இரவு பணி முடிந்ததும் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.