தங்கச்சி கையைக் கீறிக்கொள்வது நடிப்பா, டொக்டர்?

முள்ளியவளைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை எழுதியிருக்கிறார். 2009 கடைசிச் சண்டையில் தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாமல் போக, இவரையும் நாலு வயதுத் தங்கச்சியையும் மாமா ஒருவர் எடுத்து வளர்த்திருக்கிறார். சாப்பாடு போட்டார், பள்ளிக்கூடம் அனுப்பினார், குடித்துவிட்டு வந்தால் வயரால் அடித்தார், "உங்களையும் அங்கேயே விட்டிட்டு வந்திருக்கலாம்" என்பார். இப்போது தங்கச்சி கையைக் கீறிவிட்டு நீளக் கைச் சட்டையால் மறைக்கிறாராம். சொந்தக்காரர் நடிப்பு என்கிறார்கள். "அந்த அடிதான் காரணமா, இவளும் என்னை விட்டுப் போயிடுவாளா?" என்று கேட்கிறார்.

நடிப்பு இல்லை, பிள்ளை. நடிக்கிறவர் மறைக்கமாட்டார்.

அந்த அடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அமெரிக்காவில் 17,000க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் சிறுவயதைப் பற்றிக் கேட்ட ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. அடி, ஏச்சு, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, இப்படி ஏதாவது ஒன்றை அனுபவித்தவர்களிடம் தற்கொலை முயற்சி 2 முதல் 5 மடங்கு கூடுதலாக இருந்தது, அனுபவங்கள் கூடக்கூட அதுவும் ஏறியது. ஏச்சும் அந்தக் கணக்கில் இருப்பதைக் கவனியுங்கள், மாமாவின் அந்த வசனத்தை வயரைவிடச் சின்னதாக நான் எடுக்கமாட்டேன். ஷெல்லுக்குள்ளால் தப்பி வந்த குழந்தைக்கு ஒதுங்க இருந்தது அந்த ஒரு வீடுதான், அங்கேயும் அடி என்றால் உடம்பு எந்நேரமும் அடுத்த அடிக்குக் காத்திருக்கப் பழகிவிடும், பிழை என்னில்தான் என்று மனமும் நம்பிவிடும். வளர்ந்த பிறகும் ஒரு சின்ன ஏச்சில் அந்தப் பயம் முழுதாகக் கிளம்பும், அதைத் தாங்க வேறு வழி தெரியாதபோதுதான் கை உடம்பின்மேல் போகிறது.

அதற்காக இது தலையெழுத்து இல்லை. அடிபட்டு வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த வழியில் போவதில்லை. கீறுகிற எல்லோரும் சாக நினைப்பதுமில்லை. ஆனால் பின்னாளில் ஆபத்து கூடுதல் என்பதால் சும்மா விடவும் கூடாது. இன்றைக்கே பக்கத்தில் இருந்து, "செத்துப் போகலாம் எண்டு நினைப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. "அம்மா மேல சத்தியம் பண்ணு" என்று மட்டும் கேட்காதீர்கள், அடுத்த முறை உங்களிடமும் மறைப்பார்.

"ஓம்" என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். "இல்லை" என்றாலும் இந்தக் கிழமைக்குள் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு எடுத்தால் தமிழிலும் பேசலாம். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தையும் குளிசைகளையும் வீட்டில் வைக்கவேண்டாம். கடும் நஞ்சான பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகுதான் 1995இல் உச்சத்திலிருந்த நம் நாட்டுத் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன, சாகத் தோன்றும் அந்த வேகம் தணியும்வரை நஞ்சு கைக்கு எட்டாமல் இருப்பதே உயிர் காக்கும். மாமா வீட்டில் இப்போதும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சிறுவர் பாதுகாப்பு உதவி எண்ணான 1929க்குச் சொல்லுங்கள்.

அப்புறம், அதே வீட்டில் நீங்களும்தானே வளர்ந்தீர்கள், உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் பெயருக்கும் ஒரு துண்டு எடுங்கள்.