16 முறை தோற்ற ராபர்ட்டோ டுரானை எப்படி மிகச் சிறந்த லைட்வெயிட் என்கிறார்கள்?

அமெரிக்க பாக்ஸர் மேவெதர் 50 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் 2017-ல் ஓய்வு பெற்றார். 119 சண்டை போட்டு 16 தோற்ற பனாமா பாக்ஸர் டுரானை இன்னும் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அந்த 16-ஐ மொத்தமாகப் பார்க்காமல், எந்த எடையில், எந்த வயதில் என்று பிரித்துப் பாருங்கள். லைட்வெயிட் (61.2 கிலோ வரையிலான எடைப் பிரிவு) காலத்தில் டுரான் தோற்றது ஒரே ஒரு முறை. மீதி 15-ம் அதற்கு மேலான எடைகளில் வந்தவை. அதிலும் 10 தோல்வி அவருக்கு 35 வயது முடிந்த பிறகு.

எடை என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று ரிங்குக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். காலேஜ் நாட்களில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு சின்ன கிளப்பில் 60 கிலோவில் பாக்ஸிங் பண்ணியவன் நான். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) 64 கிலோ பையன் ஒருவனோடு ஏற்றிவிட்டபோது, அதே ஜாப் (கையை நேராக நீட்டிக் குத்துவது) அதே தூரத்திலிருந்து வந்தும், முகத்தைக் காக்கத் தூக்கி வைத்திருந்த கையையே பின்னால் தள்ளியது. "நாலு கிலோன்னா சும்மாவாடா? அது வேற ஆளு," என்றார் மாஸ்டர். டுரான் உலகச் சாம்பியன் ஆனது 61.2 கிலோ வரம்பில். மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹாக்லரோடு மோதியது 72.6 கிலோ வரம்பில். நடுவில் 11 கிலோ. அவர் உயரமோ 5 அடி 7 அங்குலம்தான்.

முதல் தோல்வியிலிருந்து வருகிறேன். 1972 ஜூனில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அப்போதைய சாம்பியன் கென் புக்கானனை வென்று பட்டம் எடுத்தார் (13-வது ரவுண்டு முடிவில் பெல்ட்டுக்குக் கீழே விதி மீறி அடித்தார் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை, புக்கானன் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நானும் நினைக்கிறேன்). அதே ஆண்டு நவம்பரில், அதே அரங்கில், பட்டம் பணயம் வைக்காத 10 ரவுண்டு சண்டையில் போர்ட்டோ ரிக்கோவின் எஸ்தேபான் டி ஹெசூஸ் முதல் ரவுண்டிலேயே இடது ஹுக்கில் (பக்கவாட்டில் வளைத்துக் குத்துவது) டுரானைத் தரையில் உட்கார வைத்தார். நடுவர்கள் போட்ட பாயிண்ட்ஸில் தோல்வி.

1974-ல் பனாமாவில் மறுபடியும் மோதினார்கள், இந்த முறை பட்டத்துக்காக. மறுபடியும் முதல் ரவுண்டு, மறுபடியும் இடது ஹுக், மறுபடியும் டுரான் கீழே. சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால்! எழுந்தார், 11-வது ரவுண்டில் நாக்கவுட் செய்தார். 1978-ல் லாஸ் வேகாஸில் மூன்றாவது சண்டையில் 12-வது ரவுண்டில் முடித்து, இரண்டு அமைப்புகளின் பட்டத்தையும் ஒன்றாக்கினார். மொத்தம் 12 முறை லைட்வெயிட் பட்டத்தைக் காத்தார். அவற்றில் 15 ரவுண்டு முழுக்க நின்றவர் எட்வின் விருவெட் ஒருவர்தான். மிச்சம் 11 சண்டையும் நாக்கவுட்டில் முடிந்தன. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் வேண்டுமென்றால் இதுதான்.

டி ஹெசூஸ் பிறகு கொலை வழக்கில் சிறைக்குப் போனார், எய்ட்ஸ் வந்து 1989-ல் இறந்தார். எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே உலகம் பயந்த காலம் அது. டுரான் போய்ப் பார்த்தார், கட்டிப்பிடித்தார். தன்னை முதலில் தோற்கடித்தவனை.

இனி எல்லாரும் பேசும் தோல்வி. 1980 ஜூனில் மாண்ட்ரியலில் லைட்வெயிட்டுக்கு மேலான வெல்டர்வெயிட்டுக்கு ஏறி, அதுவரை தோல்வியே அறியாத சுகர் ரே லெனர்டை 15 ரவுண்டில் பாயிண்ட்ஸில் வென்றார். ஒரு லைட்வெயிட் செய்த மிகப் பெரிய காரியம் இது என்பேன். ஐந்தே மாதத்தில் நியூ ஆர்லியன்ஸில் மறுபோட்டி. நடுவில் விருந்து, கொண்டாட்டம், ஏறிப்போன உடம்பு. அதைத் தெரிந்துகொண்டுதான் லெனர்ட் சீக்கிரமே மறுபோட்டி கேட்டார். ரிங்கில் அவர் நின்று மோதவில்லை; சுற்றிச் சுற்றி வந்தார், முகத்தை நீட்டிக் காட்டினார், வலது கையை ராட்டினம் போலச் சுழற்றிவிட்டு இடது கையால் குத்தினார். எட்டாவது ரவுண்டில் டுரான் கையை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். போதும் என்று ரெஃப்ரியிடம் சொன்னதாக உலகம் நம்புகிறது. அப்படிச் சொல்லவே இல்லை என்று டுரான் மறுத்து வந்திருக்கிறார். வயிற்று வலி என்றார்.

இங்கே நான் டுரானுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த நேரம் நடுவர்களின் கணக்கில் அவர் ஒன்றிரண்டு பாயிண்ட்தான் பின்னால் இருந்தார். பெரிய அடி எதுவும் வாங்கவில்லை. அடி வாங்கி விழுந்தவனை ராயபுரம், காசிமேடு பாக்ஸிங் பெருசுகள் மன்னித்துவிடுவார்கள், நின்றபடியே விட்டுக்கொடுத்தவனை மன்னிக்க மாட்டார்கள். பனாமாக்காரர்களும் அப்படித்தான், தெய்வமாக வைத்திருந்தவரைத் திட்டித் தீர்த்தார்கள். பல ஆண்டு கூட இருந்த பயிற்சியாளர் ரே ஆர்செலும் விலகிப் போனார். எடையையோ வயதையோ காரணம் காட்ட முடியாத தோல்வி இது. முழுக்க அவர் சம்பாதித்தது.

ஆனாலும் ரிங்குக்குள்ளே அவருடைய மோசமான இரவு எது என்று கேட்டால், 1982-ல் டெட்ராயிட்டில் கர்க்லண்ட் லேங்கிடம் தோற்றதைச் சொல்வேன். லெனர்டிடம் தோற்பதில் வெட்கமில்லை. அதே ஆண்டு ஜனவரியில் வில்ஃப்ரெட் பெனித்தெஸிடம் தோற்றதிலும் இல்லை, அவரை அடிப்பதே கஷ்டம். பிரிட்டனிலிருந்து வந்த, பெரிதாகப் பேசப்படாத லேங்கிடம் தோற்றதும் டுரான் கதை முடிந்தது என்றே எழுதினார்கள்.

அடுத்த ஜூனில், தன் 32-வது பிறந்தநாளில், டேவி மூரை எட்டாவது ரவுண்டில் நிறுத்தி மூன்றாவது எடையில் பட்டம் எடுத்தார். அந்த நவம்பரில் ஹாக்லர். ஹாக்லர் அதுவரை தன் பட்டத்தைக் காத்த சண்டை எதுவும் 15 ரவுண்டு போனதில்லை. 13 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்கள் டுரானுக்கு ஒரு பாயிண்ட் முன்னிலை கொடுத்திருந்தார்கள், மூன்றாமவர் சமம். கடைசி இரண்டு ரவுண்டில் ஹாக்லர் பிடித்துவிட்டார்: 144–142, 144–143, 146–145. ஒரு லைட்வெயிட் மிடில்வெயிட் சாம்பியனிடம் இவ்வளவு நெருக்கமாகத் தோற்றதை நான் வெற்றிக்கு மேல் வைப்பேன்.

1984-ல் தாமஸ் ஹெர்ன்ஸ் இரண்டாவது ரவுண்டில் வலது கையால் முகம் குப்புற விழ வைத்தார். ஆறடிக்கு மேல் உயரம், நீளக் கை. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. 1986-ல் ராபி சிம்ஸிடம் தோற்றார். சிம்ஸ் யார் தெரியுமா? ஹாக்லரின் தம்பி, அம்மா ஒருவர், அப்பா வேறு. அண்ணனைத் திணறடித்தவர் தம்பியிடம் கோட்டை விட்டார்.

அதற்கப்புறம் வந்தவை பெரும்பாலும் வயதின் கணக்கு. லெனர்டுடன் மூன்றாவது சண்டை, பேசியென்சாவிடம் இரண்டு, கமாச்சோவிடம் இரண்டு, 47 வயதில் ஜாப்பியிடம் மூன்றே ரவுண்டு. நடுவில் 1989-ல், 37 வயதில், ஐரன் பார்க்லியை வென்று மிடில்வெயிட் பட்டம் எடுத்ததை மறந்துவிடக் கூடாது. 1991-ல் தோள் அடிபட்டு பேட் லாலரிடம் தோற்றதை மனதில் வைத்திருந்து, 2000-ல் தன் 49-வது பிறந்தநாளில் அவரையே வென்றார். 2001-ல் 50 வயதில் கமாச்சோவிடம் தோற்றதுதான் கடைசி. அதே ஆண்டு அர்ஜென்டினாவில் நடந்த கார் விபத்துதான் அவரை நிறுத்தியது.

1980 தொடக்கத்தில் முகமது அலி நம் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டதை இன்றும் சிலிர்ப்போடு சொல்லும் பெரியவர்கள் வடசென்னையில் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அலியை அடித்துத் துவைத்தார். அதை வைத்து அலியை எடை போடும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டுரானுக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

யூடியூபில் பார்க்க விரும்பினால் டி ஹெசூஸ் மூன்றாவது சண்டையில் தொடங்குங்கள். உள்ளே புகுந்து தலையைச் சாய்த்து வயிற்றில் குத்தும் அழகு அதில் இருக்கிறது. பிறகு மாண்ட்ரியல், ஹாக்லர், பார்க்லி. ஜாப்பி சண்டையை விட்டுவிடலாம், டுரானைப் பிடித்தவர்களுக்கு அது தேவையில்லை.