அழிந்துபோன அவுட்லுக் ஆர்டர் படிவத்தை கேச்சிலிருந்து மீட்க முடியுமா?

ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டருக்கு வடிவமைத்த படிவம் அழிந்துவிட்டது, தனி நகலும் இல்லை என்கிறீர்கள். அதை எப்போதோ திறந்த கணினி எதிலாவது, காரைக்குடிக் கடையிலோ பட்டறையிலோ, கேச் (திறந்த படிவத்தை அவுட்லுக் தானாகச் சேமித்து வைக்கும் நகல்) மிஞ்சியிருக்கலாம். முதலில் அவுட்லுக்கை மூடிவிட்டு, உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா (மறைந்திருக்கும்), லோக்கல், மைக்ரோசாஃப்ட் வழியே போய் ஃபார்ம்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். 'கிளியர் கேச்' பட்டனைத் தொடவே வேண்டாம், இருப்பதும் போய்விடும்.

பிறகு நெட்டைத் துண்டித்து, அந்தப் படிவத்தில் வந்த பழைய ஆர்டர் ஒன்றைத் திறங்கள். டைல் அளவு, நிறக் கட்டங்கள் தெரிந்தால் பிழைத்தீர்கள்: டெவலப்பர் டேபில் 'டிசைன் திஸ் ஃபார்ம்', அடுத்து 'சேவ் ஆஸ்', வகை அவுட்லுக் டெம்ப்ளேட். வெறும் மெயிலாகத் திறந்தால் அடுத்த கணினியைப் பாருங்கள். கிளாசிக் அவுட்லுக்கில்தான் (கணினியில் நிறுவும் பழைய வடிவம்) இது நடக்கும். படிவத்தில் ஸ்கிரிப்ட் (உள்ளே எழுதிய நிரல்) இருந்தால், படிவத்தை அவுட்லுக்கில் மறுபடி பப்ளிஷ் செய்யும்வரை அது ஓடாது.