மிஷின் சும்மா நின்னா நஷ்டமா?

கேள்வி: வணக்கமுங்க. 24 மிஷின் வெச்சு பனியன் ஜாப் ஒர்க் பண்றேன். ஒரு மிஷினும் சும்மா நிக்கக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து லோடு போடறேன், ஆனாலும் ஒவ்வொரு ஆர்டரும் லேட்டாத்தான் போகுது. எம்பிஏ முடிச்ச பையன் "மிஷின் ஓட்டறத கொறைங்கப்பா"ங்கறான். இது சரிங்களா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பையன் சரியாத்தாங்க சொல்றான். நாளைக்குக் காலைல போனதும் லைன்ல எத்தன பீஸ் கெடக்குதுன்னு எண்ணுங்க, ஓவர்லாக், பேட்லாக்னு ரெண்டு தையல் மிஷினுக்கும் நடுவுல இருக்கறது, செக்கிங் டேபிளுக்கு அடியில துணி நாடால கட்டி வெச்சிருக்கற கட்டுங்க, எல்லாத்தையும். 6,000 பீஸ் கெடக்குது, ஒரு நாளைக்கு 1,000தான் பேக் ஆகி வெளிய போகுதுன்னா, இன்னிக்கு கட்டிங் முடிஞ்சு உள்ள வர்ற பீஸ் வெளிய போக 6 நாள். ஜான் லிட்டில்ங்கிற அமெரிக்கர் 1961ல நிரூபிச்ச விதி இது, கடைக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். நீங்க ஓவர்லாக்க இன்னும் வேகமா ஓட்டுறீங்க, செக்கிங்ல ஆளு அதே ஆளு, அப்ப கெடக்கறது 8,000 ஆகும், வெளிய போறது அதே 1,000, 6 நாள் 8 நாளாயிடும், அவ்வளவுதான் நடக்கும்.

காத்திருக்கற கணக்கும் ஒண்ணு இருக்குங்க. ஒரு கட்டு செக் பண்ண 10 நிமிஷம்னு வைங்க. கட்டு வர்ற நேரமும் பார்க்கற நேரமும் தாறுமாறா இருக்கற இடத்துல (நூல் அறுந்துச்சு, ஊசி ஒடஞ்சுச்சு, கரண்ட் போச்சு, நமக்குத் தெரியாததா), அந்த டேபிள் 80 சதவீதம் பிஸியா இருந்தா ஒரு கட்டு சராசரியா 40 நிமிஷம் காத்துக் கெடக்கும். 90 சதவீதம்னா 90 நிமிஷம். 95 ஆச்சுன்னா 190 நிமிஷம், மூணு மணி நேரத்துக்கும் மேல! கடைசி அஞ்சு சதவீதத்த கறக்கப் போயிதான் டெலிவரியே போகுது.

அப்ப எந்த மிஷின்தான் நிக்கக்கூடாது? பீஸ் எங்க மலையா குவிஞ்சிருக்கோ, அதுக்கு அடுத்த வேலை நிக்கக்கூடாது. இத எலியாஹூ கோல்ட்ராட்ங்கிற இஸ்ரேல் இயற்பியல்காரர் 80கள்ல அழுத்திச் சொன்னாரு, அந்த ஒரு இடத்துல போற ஒரு மணி நேரம் மொத்த கம்பெனிக்கும் போற ஒரு மணி நேரம், மத்த இடத்துல மிச்சம் பிடிச்சா பிரயோஜனமில்லைன்னு. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில இத கண்ணாலயே பார்க்கலாங்க. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. அங்க ஒரு சர்ஜனுக்கு ரெண்டு டேபிள், ஒண்ணுல ஆபரேஷன் நடக்கறப்பவே பக்கத்து டேபிள்ல அடுத்தவர நர்சுங்க ரெடி பண்ணி வெச்சிருப்பாங்க, டாக்டர் இங்க முடிச்சதும் அப்படியே திரும்பி அடுத்தத தொடங்கிடுவாரு. டேபிள் காத்திருக்கலாம், டாக்டர் காத்திருக்கக்கூடாது. இத ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல்லயே பாடமா எழுதிட்டாங்க, எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

கேள்வி: எங்க ஓனரும் இப்ப இதே மாதிரி லோடு நிறுத்தறாரு. நாங்க பீஸ் ரேட்டுங்க, தைக்கற பீஸுக்குத்தான் காசு, உக்கார வெச்சா எங்க கூலி?
- ஒரு டெய்லரம்மா, அவிநாசி

பதில்: உங்க கேள்விதாம்மா முக்கியம். லோடு நிறுத்தி டெலிவரி சீக்கிரம் ஆனா லாபம் ஓனருக்கு, நஷ்டம் மட்டும் உங்களுக்குன்னா அது முறையே இல்ல. உக்கார வைக்கிற நேரத்துக்கு ஷிப்ட் கூலி போட்டுக் குடுக்கணும், இல்லைன்னா குவிஞ்சு கெடக்கற எடத்துக்கு அனுப்பி பிசிறு வெட்ட, செக்கிங் பார்க்க வெச்சு அந்த வேலைக்குக் கூலி குடுக்கணும். அது இல்லாம யாரு மனசார மிஷின நிறுத்துவா? நாலு பேரா சேர்ந்து போய் கேளுங்கம்மா, மேல திருப்பூர்க்காரருக்கு எழுதினதையும் அவர்கிட்ட காட்டுங்க.