கேள்வி பதில்: பதக்கத்தை விட்டுத் திரும்பிய படகு

கே: கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தாலே 'ஹீரோ' என்கிறார்கள். உங்கள் கணக்கில் ஹீரோ யார்?
- வாசகி, தஞ்சாவூர்

ப: சிக்ஸருக்கு நானும் விசில் அடிப்பேன், ஆனால் அது அவர் வேலைதானே? 2002 ஆன்டிகுவா டெஸ்டில் தாடை உடைந்த கும்ப்ளே, முகத்தைச் சுற்றிக் கட்டோடு வந்து 14 ஓவர் வீசி லாராவையும் அவுட்டாக்கினாரே, அது வேறு ரகம். இருந்தாலும் என் ஓட்டு கனடாவின் லாரன்ஸ் லெமியூவுக்கு. 1988 சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டி பூசான் கடலில் நடந்தது. பலத்த காற்று, பெரிய அலை, இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்த மனிதர், வேறொரு போட்டியில் இருந்த சிங்கப்பூர் படகு கவிழ்ந்து இரண்டு பேர் தத்தளிப்பதைப் பார்த்ததும் தன் படகைத் திருப்பிவிட்டார். இருவரையும் ஏற்றிக்கொண்டு மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் போட்டியைத் தொடர்ந்தார். முடித்தது 22ஆவது இடத்தில். நடுவர்கள் அந்தச் சுற்றுக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள், ஆனால் எல்லாச் சுற்றுகளையும் சேர்த்த கணக்கில் பதக்கம் கிடைக்கவில்லை. திரும்பாமல் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால்தான் அவர் ஹீரோ.

கே: சாதாரண வாழ்க்கையில்?
- அதே வாசகி

ப: நெஞ்சு வலி வந்த நேரத்திலும் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சாய்ந்த டிரைவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வரும். நாளிதழில் ஒரு மூலையில், நாலு வரி. கிரிக்கெட்டுக்கு மட்டும் முழுப் பக்கம்!