பக்கவாதம் வந்த கையில் மட்டும் மூட்டு வீங்காதது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பல வருடங்களாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்). இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒன்றுபோல வீங்கும். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து இடது கை மட்டும்தான் வீங்குகிறது. வலது பக்கம் நோய் குணமாகிவிட்டதா?

பதில்: குணமாகவில்லை. முடக்குவாதம் உடல் முழுக்க இருக்கும் நோய். ஆனால் நீங்கள் கவனித்தது உண்மைதான். 1962-லேயே மருத்துவ இதழில் பதிவானது. போலியோவால் செயலிழந்த கை கால்களும் இப்படித் தப்பியதுண்டு.

கை அசையாததால் மூட்டுக்கு வேலை குறைவு, அது ஒரு காரணம். இன்னொன்று நரம்பு. நரம்பு என்றால் வலியை மூளைக்குச் சொல்வது என்றுதான் நினைக்கிறோம். மூட்டுச் சவ்விலும் மூட்டு உறையிலும் உள்ள உணர்வு நரம்பின் நுனிகள் அதோடு நிற்பதில்லை. தூண்டப்பட்டதும் சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற நியூரோபெப்டைடுகளை, அதாவது நரம்பு விடும் ரசாயனங்களை, அங்கேயே கசியவிடும். சிஜிஆர்பி ரத்தக் குழாயை விரிக்கும், அதனால் சூடும் சிவப்பும். சப்ஸ்டன்ஸ் பி குழாய்ச் சுவரைக் கசியவைக்கும், அதனால் வீக்கம். அழற்சிச் செல்களையும் அது உசுப்பிவிடும். அவை விடும் ரசாயனங்கள் திரும்ப நரம்பைச் சீண்டும். முன்கையில் நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: கோட்டோடு நிற்காமல் சுற்றிலும் சிவப்பு படரும். அந்தப் படர்வு நரம்பு நுனிகளின் வேலை.

1984-இல் எலிகளிடம் செய்த சோதனையில், சப்ஸ்டன்ஸ் பி-யை முழங்கால் மூட்டுக்குள் செலுத்தியதும் அங்கே மூட்டழற்சி கடுமையானது. தண்டுவடமும் உணர்வு நரம்பின் வழியாகவே மூட்டுக்குத் தலைகீழாகச் சைகை அனுப்பும் என்பதை விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் மூளையின் பிடி மாறும்போது இந்த ஓட்டமும் மாறலாம். இது என் ஊகம்தான். போலியோ உணர்வு நரம்பைத் தொடுவதில்லை என்பதால், எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கில் முடிக்க முடியாது.

அப்படியானால் நரம்பையே அடக்கிவிடலாமே என்று தோன்றும். சப்ஸ்டன்ஸ் பி-யைத் தடுக்கும் மருந்துகள் மனிதரின் வலியில் பலிக்கவில்லை. அவற்றில் ஒன்று இப்போது வாந்தியைத் தடுக்கும் மருந்து. வலி நரம்பைத் தூண்டும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்த டானெசுமாப் என்ற மருந்து, மூட்டுத் தேய்மானத்தில் வலியைக் குறைத்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. வலியே தெரியாத மூட்டு எப்படிப் பாழாகும் என்பதை நீரிழிவுக்காரர்களின் பாதத்தில் பார்க்கிறோம்.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பு இந்த நரம்பு நுனிகளை மரக்கவைக்கும். முழங்காலுக்குச் சரி, அம்மாவின் விரல்களுக்கு வேண்டாம். ஒரே கையால் எல்லாம் செய்பவர், கண்ணைத் தொட்டுவிடுவார்.

முடக்குவாத மாத்திரைகளை வலது கை தேறிவிட்டது என்று நீங்களாகக் குறைக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கியும் கொடுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்கு அவை ஆபத்து. இடது கைக்கு இப்போது இரட்டை வேலை என்பதால், மணிக்கட்டுப் பட்டையும் தடித்த பிடியுள்ள கரண்டியும் உதவும்.

அப்புறம், வலது கை திடீரென வீங்கி, தோல் பளபளத்து, தொட்டாலே வலித்தால் முடக்குவாதம் திரும்பிவிட்டது என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். பக்கவாதக் கையில் வரும் தோள்-கை வலி நோயாக இருக்கலாம், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.