டீன்ஏஜ் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறோம். கடைசி நாள் இரவில்தான் விமானம். அந்தப் பகலை எப்படிக் கழிப்பது?

அந்த ஒரு நாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கே போவது என்பதை மட்டும் இல்லை. வழி பார்ப்பது, பஸ் பிடிப்பது, சாப்பாடு வாங்குவது எல்லாமே அவர்கள் பொறுப்பு. நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள்.

அதற்கு முந்தைய நாட்கள் எல்லாம் எப்படியும் நாம் போட்ட திட்டமாகத்தான் இருக்கும். யூனிவர்சல் ஸ்டுடியோஸ், கார்டன்ஸ் பை தி பே, மெர்லயன் முன்னால் போட்டோ. பிள்ளைகளும் ஆசையாகத்தான் வருவார்கள். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணிடம் எத்தனை நாள் "இங்கே வா, அங்கே நில்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியும்? நாலைந்து நாளில் முகம் சுருங்கி, ஹெட்போன் காதில் ஏறிவிடும். கடைசி நாளில் பொறுப்பை மாற்றிக் கொடுக்க சிங்கப்பூரைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது. ரயில், பஸ் எல்லாம் ஒழுங்காக வரும், வழிப்பலகைகள் தெளிவாக இருக்கும், பிள்ளைகள் பத்தடி முன்னால் போனாலும் நமக்கு வயிற்றில் புளி கரையாது.

எங்கள் மகள் அப்போது பிளஸ் ஒன், மகன் ஒன்பதாம் வகுப்பு. இருவரும் பேசிவைத்துத் தேர்ந்தெடுத்தது புலாவ் உபின் என்ற சின்னத் தீவு. என் கணவருக்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் செராங்கூன் சாலையில் மறுபடி ஒரு சுற்று வர ஆசை. ஆனாலும் சரி என்றார். நாங்கள் வைத்த நிபந்தனைகள் கொஞ்சம்தான்: இவ்வளவு பணத்துக்குள் முடிக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்குள் விமான நிலையம் வந்துவிட வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

பெட்டிகளுக்கு வழி கண்டுபிடித்தது மகள்தான். லிட்டில் இந்தியாவிலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் எக்ஸ்போ வரை போய், அங்கே மாறினால் அடுத்த நிறுத்தமே சாங்கி விமான நிலையம். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு பெட்டிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். காலையிலேயே அவற்றை விட்டுவிட்டு, ரயிலில் தானா மேரா வந்து, 2ஆம் எண் பஸ்ஸில் சாங்கி வில்லேஜ் போனோம். தீவுக்குப் படகு அங்கிருந்துதான்.

அந்தப் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். ஆளுக்கு 4 டாலர், ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மகன் வரிசையை எண்ணிக்கொண்டே நின்றான். பத்து பேரோடு வெகுநேரம் அப்படியே இருந்தது. அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சீனத் தாத்தாவும் பாட்டியும் வந்தார்கள். "பன்னிரண்டு!" என்று இவன் தமிழில் கத்த, படகுக்காரர் சிரித்தபடியே ஏறச் சொல்லிக் கை காட்டினார். அந்த வாரம் முழுக்க அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

தீவில் இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள் இருக்கும். பிரேக்கை ஒருமுறை சோதித்துவிட்டு எடுங்கள், வழியில் சரிவுகள் உண்டு. நாங்கள் போனது கிழக்குக் கோடியில் இருக்கும் செக் ஜாவா சதுப்பு நிலம். 2001இல் அந்த இடத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கத் திட்டம் இருந்ததாம். இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எடுத்துச் சொன்னதால் அரசு அதைத் தள்ளிவைத்தது. மகள் இதையெல்லாம் முன்கூட்டியே படித்து வந்து, மரப்பாதையில் நடந்துகொண்டே எங்களுக்குச் சொன்னாள். அலையாத்தி மரங்களைக் காட்டி, "பிச்சாவரத்தில் பார்த்தோமே, அதே மாதிரிதான்பா" என்று அப்பாவுக்கு விளக்கினாள். அவள் சொல்ல நாங்கள் கேட்டுக்கொண்டு நடந்தது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கல்லூரி, விடுதி என்று போய்விடுவாள். நாலு பேரும் சேர்ந்து இப்படிச் சுற்றுவது இனி எப்போது அமையும் என்று சொல்ல முடியாது.

திரும்பும் வழியில் ஒரு இருவாச்சி ஜோடியைப் பார்த்தோம். சிங்கப்பூரில் இல்லாமலே போயிருந்த பறவை, 1994இல் இந்தத் தீவில்தான் மறுபடி கண்ணில் பட்டது. காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் உண்டு. தின்பண்டக் கவரை சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள்.

கரைக்கு வந்து சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பாலில் வேகவைத்த மலாய்ச் சோறு) சாப்பிட்டோம். ஆர்டர் கொடுத்ததும் தட்டுகளைத் தூக்கி வந்ததும் மகன். வேர்த்துக் கொட்டும், அதனால் கைப்பையில் ஒரு மாற்று உடை அவசியம்.

மழை பிடித்துக்கொண்டால் தீவை விட்டுவிடுங்கள். நேராக விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் வணிக வளாகத்துக்குப் போகலாம். 2019இல் திறந்தது, உள்ளே 40 மீட்டர் உயர அருவி, பார்க்கக் கட்டணம் இல்லை. குடிநுழைவுச் சோதனைக்கு முன்னாலேயே இருப்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம்.

சொந்தக்காரர்களுக்கு வாங்க வேண்டிய சாமானை முந்தைய நாளே வாங்கி முடித்துவிடுங்கள். ஒரே கடையில் 100 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் அந்தக் கடை சேர்ந்திருக்கும் பட்சத்தில், 9 சதவீத ஜிஎஸ்டியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே விமான நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். 16 வயது நிறைந்திருந்தால் போதும், தான் வாங்கிய பொருளுக்குத் தன் பாஸ்போர்ட்டில் தானே செய்துகொள்ளலாம். அதையும் உங்கள் மூத்த பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.